உயிருள்ள மருந்தும் ஈரம் படிந்த களஞ்சியமும்

2021 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி அறிவித்தலொன்று, இரசாயன உரங்களின் இறக்குமதியை மட்டுமன்றிப் பூச்சிகொல்லி, களைகொல்லி, பங்கசுகொல்லி ஆகியவற்றின் இறக்குமதியையும் தடை செய்தது. முன்னாயத்தமின்றி எடுக்கப்பட்ட அந்த முடிவின் விளைவுகளை நாடு இன்னும் மறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியபோதிலும், அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது. 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோகிராமாக வீழ்ச்சியடைந்தது. கொழுந்து குறையும்போது முதலில் குறைவது தொழிலாளியின் வருமானமே என்பதை மலையகம் நன்கறியும்.

தடை தோற்றுவிட்டது. ஆனால் அதற்குப் பின்னாலிருந்த கேள்வி தீர்ந்துவிடவில்லை. இலங்கைத் தேயிலையை வாங்கும் ஐரோப்பிய நாடுகளும் ஜப்பானும் இலையில் எஞ்சியிருக்கும் இரசாயனத்தின் அளவைக் கண்டிப்பாகக் கணக்கிடுகின்றன. முதுகில் தாங்கியைச் சுமந்து நாள் முழுவதும் மருந்தடிப்பவரின் நுரையீரலும் தோலும் அந்த இரசாயனத்தின் பங்கை ஏற்கின்றன. இந்நிலையில், பீடைகளைக் கொல்லும் பங்கசுகளையும் பயிர்நோய்களை அடக்கும் பங்கசுகளையும் பயன்படுத்துவது பற்றிய பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. பியூவேரியா, மெற்றாரைசியம், டிரைக்கோடேர்மா ஆகிய பெயர்கள் ஆய்வுகூடங்களைக் கடந்து விவசாய மருந்துக் கடைகளின் தட்டுகளுக்கு வந்துவிட்டன. கருத்தரங்குகளில் அவற்றின் நன்மைகள் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் எளிய கேள்வி ஒன்று மட்டும் அங்கு அரிதாகவே கேட்கப்படுகிறது: பொதியைத் திறக்கும் நாளில், அதனுள் இருப்பது உயிருடன் இருக்கிறதா?

இரசாயனப் பீடைகொல்லி ஓர் உயிரற்ற பொருள். ஓரளவு கவனத்துடன் வைத்தால் அது ஈராண்டுகள்கூடத் தன் வீரியத்தைப் பெரிதும் இழக்காது. பங்கசு மருந்தின் கதை வேறு. அதன் வீரியம் முழுவதும், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான வித்திகளின் உயிரிலேயே தங்கியுள்ளது. அவ்வித்திகள் பூச்சியின் உடலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உட்சென்றால்தான் பூச்சி சாகும். முளைக்காத வித்தி வெறும் தூள். விதை நெல்லைக் காயவைத்து, ஈரம் அணுகாது கட்டி, எலிக்கும் மழைக்கும் எட்டாத இடத்தில் வைக்கும் அம்பாறை விவசாயிக்கு இந்த உண்மையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கடையில் வாங்கும் பொதியும் ஒருவகை விதை நெல்லே என்பதை அவருக்கு எவரும் எடுத்துரைப்பதில்லை.

தலவாக்கலையின் நூறாண்டு அனுபவம்

இந்த விடயத்தைப் பேசுவதற்கு இலங்கையில் மிகப் பொருத்தமான இடம் தலவாக்கலையாகும். 1925 இல் நிறுவப்பட்டு, பின்னர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,380 மீற்றர் உயரத்திலுள்ள சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதன் முதற் பணிப்பாளர் தோமஸ் பெச் ஒரு பங்கசு ஆய்வாளர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1905 முதல் பேராதனையில் பணியாற்றிய அவர், தேயிலைச் செடியின் நோய்கள் பற்றிய நூலை 1923 இல் வெளியிட்டார். நிறுவகம் பிறந்த அதே 1925 இல், பூச்சிகளைக் கொல்லும் பங்கசுகளையும் அவற்றின் பயன்பாட்டையும் பற்றித் தனியான ஓர் ஆய்வேட்டையும் எழுதினார். பங்கசுகளைச் செயற்கையாகப் பரப்பிப் பீடைகளை இலகுவில் அடக்கிவிடலாம் என்ற அக்கால உற்சாகத்தை அவர் ஐயத்துடனேயே நோக்கினார். சூழல் இடங்கொடாவிடின் பங்கசு வேலை செய்யாது என்பதை அவர் அறிந்திருந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த எச்சரிக்கை பழையதாகிவிடவில்லை.

மலையகத்தின் வரலாறே பங்கசு வித்தியால் எழுதப்பட்டது எனின் மிகையாகாது. 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் துரு தென்பட்டது. 1880 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட ஹரி மார்ஷல் வோர்ட் என்ற இளம் ஆய்வாளர், அது பங்கசினால் உண்டாகும் நோய் என்பதையும், அதன் வித்திகள் காற்றில் பரவுகின்றன என்பதையும் நிறுவினார். ஒரே பயிரை மலைமலையாக நட்டிருந்த நாட்டில் அந்தக் காற்றுக்கு வேலியிட எவராலும் முடியவில்லை. கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. கோப்பித் தோட்டங்களை நம்பித் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களின் சந்ததியினர், தேயிலையின் மக்களாயினர்.

அதே வரலாறு 1946 இல் மீண்டும் கதவைத் தட்டியது. கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கிய ஆண்டு அது. இளங்கொழுந்தையே பற்றும் இந்தப் பங்கசு, உயிருள்ள தேயிலை இலையிலன்றி வேறெங்கும் வாழ்வதில்லை. அதன் வித்திகள் மெல்லியவை. ஈரமான இலையும் மூடுபனியும் கிடைத்தால் முளைக்கும். நேர்வெயில் பட்டால் விரைவில் மடியும். இந்தப் பலவீனத்தையே தலவாக்கலை ஆய்வாளர்கள் ஆயுதமாக்கினர். விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகியோர் 1961 இல் வெளியிட்ட ஆய்வு, வெயிலுக்கும் மழைக்கும் கொப்புள நோய்க்கும் உள்ள தொடர்பைக் கணக்காக்கித் தந்தது. ஐந்து நாட்களின் சராசரி வெயில் நாளொன்றுக்கு 3¾ மணித்தியாலத்தைத் தாண்டினால் மருந்தடிக்கத் தேவையில்லை என்ற நடைமுறை விதி, இத்தகைய ஆய்வுகளின் பயனாகும். அதனால் வீணாகும் செம்பு மருந்தும் வீணாகும் கூலியும் மிச்சமாயின.

பகைவனின் வித்தி எப்போது சாகும் என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் கணித்த ஓரிடத்துக்கு, நண்பனின் வித்தியை எவ்வாறு உயிருடன் வைத்திருப்பது என்பதைக் கணிப்பது இயலாத காரியமன்று. வெப்பம், ஈரம், ஒளி ஆகிய மூன்றுமே இரண்டு கணக்குகளிலும் இடம்பெறுகின்றன.

இதற்கு இயற்கையே ஒரு பாடத்தையும் தலவாக்கலைக்குக் காட்டியிருக்கிறது. தேயிலைக் கிளைகளைத் துளைத்து வாழும் சிறு வண்டு மரத்தைத் தின்பதில்லை. தான் துளைத்த சுரங்கத்தினுள் ஒரு பங்கசை வளர்த்து, அதையே உண்டு, குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. அந்தப் பங்கசை 1947 இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர்கள் இந்நிறுவகத்தின் ஆய்வாளர்களான கட், லூஸ் ஆகியோரே. தாய் வண்டு புதிய கிளைக்குப் பறக்கும்போது, வாயருகேயுள்ள நுண்ணிய பைகளில் அந்தப் பங்கசின் வித்திகளைப் பத்திரமாக எடுத்துச் செல்கிறது. வெயில் படாத, உலர்ந்து போகாத அந்தப் பைகள், அந்தப் பங்கசுக்கு ஏற்ற களஞ்சியங்களாகும். ஒரு வண்டு தன் பயிருக்குக் காட்டும் அக்கறையை நாம் நமது மருந்துக்குக் காட்டுகிறோமா என்பதே கேள்வி.

இதே வண்டை ஒழிப்பதற்காக 1960களை ஒட்டிய காலத்தில் டீல்ட்ரின் என்ற கொடிய நஞ்சு தெளிக்கப்பட்டது. அதன் விளைவாக, 1935-36 காலப்பகுதியில் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கொழுந்துப் புழுவை அடக்கி வைத்திருந்த சிறு குளவிகள் அழிந்தன. புழுத் தொல்லை பெருகியது. உயிரைக் கொண்டு உயிரை அடக்கும் வழியின் பெறுமதியை அந்தத் தவறு உணர்த்தியது. தமிழ்நாட்டின் வால்பாறையிலுள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையத்தினர், இவ்வண்டைத் தாக்கிக் கொல்லும் பியூவேரியாப் பங்கசை 2000 ஆம் ஆண்டளவில் பதிவு செய்தனர். ஆக, பங்கசு மருந்து தேயிலைக்குப் புறம்பான கற்பனையன்று. அதன் பலன் மலைச்சரிவில் தெரிய வேண்டுமாயின் களஞ்சியத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

வித்தியின் மூன்று பகைகள்

பூச்சிகளைக் கொல்லும் பங்கசுகளின் வித்திகள் மெல்லிய சுவருடையவை. அவற்றை வேகமாகச் சாகடிப்பது வெப்பமாகும். சூடு ஏற ஏற ஆயுள் குறைகிறது. ஈரமும் சேர்ந்திருந்தால் அது மேலும் விரைவாகக் குறைகிறது. ஈரமான வித்தி அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. சுவாசித்துத் தன் சேமிப்பைச் செலவிடுகிறது. உண்ண உணவும் முளைக்க இடமும் இல்லாத பொதிக்குள் அந்தச் செலவு மரணத்தில் முடிகிறது. நன்கு உலர்ந்த வித்தியோ உறங்குகிறது. உறக்கம் ஆழமாக இருக்கும்வரை அதன் உயிர் நீடிக்கிறது.

பிரித்தானியாவின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் பணியாற்றிய உயிரியல் கட்டுப்பாட்டு வல்லுநர்களும் 1997 இல் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தனர். நெல், கோதுமை போன்ற விதைகளின் ஆயுளைக் கணிப்பதற்கென உருவாக்கப்பட்டிருந்த சூத்திரமே பங்கசு வித்திக்கும் பொருந்துவதை அவர்கள் கண்டனர். வெப்பநிலையையும் ஈரப்பதனையும் குறைக்கக் குறைக்க ஆயுள் பன்மடங்காகிறது. உலர்த்தும் பயன் ஏறத்தாழ 5 சதவீத ஈரப்பதன் வரை தொடர்கிறது. அதற்கும் கீழே உலர்த்துவதால் பெரிய நன்மையில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அடுப்பிலிருந்து இறங்கும் தேயிலை ஏறத்தாழ 3 சதவீத ஈரத்துடன் இருக்க வேண்டும் என்பதும், காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் மணமும் நிறமும் கெடும் என்பதும் அவர்களின் அன்றாட அறிவாகும்.

மூன்றாவது பகை ஒளி. சூரிய ஒளியின் ஊதாக்கடந்த கதிர்கள், திறந்த வெளியில் கிடக்கும் வித்திகளைச் சில மணித்தியாலங்களிலேயே பெருமளவு செயலிழக்கச் செய்கின்றன. கடையின் முன்தட்டில், கண்ணாடிக்குப் பின்னால், மாலை வெயில் படும்படி அடுக்கி வைக்கப்படும் பொதி அதன் சூட்டையும் சேர்த்தே அனுபவிக்கிறது. களஞ்சியத்தில் காத்த வித்தியை நடுப்பகல் வெயிலில் தெளிப்பதும் வீணே. மாலையில் தெளிப்பது பயன் தரும்.

இந்த அறிவைப் பெருமளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நிகழ்வு ஆபிரிக்காவில் இடம்பெற்றது. 1980களின் பிற்பகுதியில் வெட்டுக்கிளிகள் அங்கு பேரழிவை விளைவித்தபின், 1989 இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வுத் திட்டமொன்று மெற்றாரைசியம் பங்கசைக் கொண்டு வெட்டுக்கிளிக்கு ஒரு மருந்தை உருவாக்கியது. அரிசியின் மீது வளர்க்கப்பட்ட பங்கசிலிருந்து வித்திகள் பிரித்தெடுக்கப்பட்டு, ஈரமுறிஞ்சியுடன் சேர்த்து நன்கு உலர்த்தப்பட்டு, காற்றுப்புகாத பொதிகளில் அடைக்கப்பட்டன. தெளிக்கும்போது எண்ணெயில் கலக்கப்பட்டன. ஒரு ஹெக்டேயர் நிலத்துக்கு 50 முதல் 100 கிராம் தூள் போதுமானதாயிற்று. 2020 இல் ஆபிரிக்காவின் கிழக்குக் கொம்பை வெட்டுக்கிளிகள் சூழ்ந்தபோது, ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய நிறுவனத்தின் உதவியுடன் சோமாலியாவில் இத்தகைய மருந்து பரந்த அளவில் பயன்படுத்தப்பட்டது. பாலைவன வெப்பத்திலும் அது பலன் தந்ததற்கு, உலர்த்துதலிலும் பொதியிடலிலும் காட்டப்பட்ட கண்டிப்பு முக்கிய காரணமாகும்.

மலையகத்தின் சிக்கல்

குளிர் வேண்டும் என்றவுடன், மலையகமே ஒரு குளிர்சாதனப் பெட்டிதானே என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் பாதி மட்டுமே சரியானது. தலவாக்கலையில் வெப்பம் குறைவு. ஆனால் தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் காற்று நாட்கணக்கில் ஈரத்தால் நிறைந்திருக்கும். சப்பாத்தின் தோலிலும் சுவரின் சுண்ணாம்பிலும் பூஞ்சணம் பிடிக்கும் அந்த மாதங்களில், வாயைக் கட்டிவிட்டு மூலையில் வைத்த அரைப்பொதி மருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெப்பம் கொல்லாததை ஈரம் மெதுவாகக் கொல்லும். அதோடு, வேண்டாத வேறு பூஞ்சணங்களும் அதற்குள் குடியேறும்.

பொதி மலைக்கு வருமுன் கடந்து வரும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இறக்குமதியாகும் பொருள் துறைமுகத்தில் கொள்கலனுக்குள் வெயிலில் காத்திருக்கலாம். கொழும்பிலுள்ள தகரக் கூரைப் பண்டகசாலையில் வாரக்கணக்கில் கிடக்கலாம். பின்னர் மூடிய பாரவூர்தியில் மலையேறலாம். ஈரம் குடித்த வித்திகள் 40 பாகை செல்சியஸை நெருங்கும் சூட்டில் சில நாட்கள் இருந்தாலே அவற்றிற் பெரும்பகுதி மடிந்துவிடும். அதன்பின் ஹட்டனின் குளிரோ நுவரெலியாவின் பனியோ இறந்த வித்தியை எழுப்பித் தரப்போவதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆண்டின் பெரும்பகுதி நிலவும் வெப்பத்தில் சிக்கல் இன்னும் கடுமையானது. 2018 இன் பிற்பகுதியில் இலங்கைக்குள் நுழைந்த படைப்புழு சோளத்தை அழித்தபோது, உயிரியல் மருந்துகளின் தேவை கிழக்கிலும் உணரப்பட்டது. அங்கு அவை நிற்கப்போகும் களஞ்சியங்களின் சூடு எவ்வளவு என்பதும் அதே அளவு உணரப்பட வேண்டிய விடயமாகும்.

வயலில் நிகழும் தவறுகளும் உள்ளன. இவற்றுள் பலரும் அறியாத ஒன்று, கலக்கும் நீரைப் பற்றியது. மிக நன்றாக உலர்ந்த வித்தியைத் திடீரெனக் குளிர்ந்த நீரில் இட்டால், நீரை விரைந்து உறிஞ்சும் வேகத்தில் அதன் மென்சவ்வு கிழிந்து வித்தி சாகக்கூடும். இளஞ்சூடான நீரில் முதலில் கரைப்பதோ, எண்ணெயில் கலந்து தயாரித்த மருந்தைப் பயன்படுத்துவதோ இந்த இழப்பைத் தவிர்க்கும். அதிகாலையில் மலை ஊற்றிலிருந்து பிடித்த நீரிலேயே மருந்து கலக்கும் தோட்டங்களுக்கு இந்தச் சிறு குறிப்பு மிகவும் அவசியமானது. மற்றொரு தவறு, முரண்பட்ட மருந்துகளை ஒன்றாக்குவது. கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடித்த தாங்கியைக் கழுவாமல் அதிலேயே பங்கசு மருந்தைக் கலந்தால், பங்கசுகொல்லி தன் வேலையைப் பழுதின்றிச் செய்யும். பணம் கொடுத்து வாங்கிய நண்பனை நாமே கொன்றவர்களாவோம்.

இழப்பு யாருக்கு?

செத்த மருந்தைத் தெளித்த விவசாயிக்கு அது செத்தது என்பது தெரியாது. பூச்சி சாகவில்லை என்பது மட்டுமே தெரியும். இரண்டாம் முறையும் அவ்வாறே நடந்தால், உயிரியல் மருந்து என்பதே ஏமாற்று என்ற முடிவுக்கு அவர் வருவார். அடுத்த நாள் அவர் வாங்குவது முன்னையிலும் கடுமையான இரசாயனமாக இருக்கும். அதை முதுகில் சுமந்து அடிப்பவர் ஒரு தொழிலாளி. அதன் எச்சம் கலந்த நீரைக் குடிப்பது கீழ்ப்பள்ளத்து லயத்துக் குடும்பம். ஆய்வுகூடத்தில் வெற்றி பெற்ற ஒரு வழி, களஞ்சியத்தில் தோற்று, மக்கள் மனத்திலும் தோற்றுப்போவதுதான் இதிலுள்ள பெரிய இழப்பு. 2021 இன் தடையால் ‘சேதனம்’ என்ற சொல்லுக்கு ஏற்பட்ட கசப்பு இன்னும் நீங்கவில்லை. இன்னொரு முறை நம்பிக்கை உடைந்தால் அதை ஒட்டவைப்பது கடினம்.

இதில் வாணிப ஒழுக்கம் சார்ந்த கேள்வியும் உண்டு. அளவையிலும் நிறுவையிலும் குறை வைத்தலைத் திருக்குர்ஆன் வன்மையாகக் கண்டிக்கிறது. பிறர் பொருளையும் தன் பொருள்போற் பேணிச் செய்வதே வாணிகம் என்பது திருக்குறளின் நெறி. ஒரு கிலோகிராம் என்று எழுதிய பொதியில் ஒரு கிலோகிராம் தூள் இருக்கலாம். ஆனால் வாங்குபவர் விலை கொடுப்பது தூளின் எடைக்கன்று, அதிலுள்ள உயிருக்கு. உயிரில் பாதி போய்விட்ட பொதி, தராசில் சரியாக நின்றாலும் குறைந்த அளவையே. மலையக நகரங்களிலும் கிழக்கிலும் விவசாய மருந்து வாணிபத்தில் ஈடுபட்டுள்ள தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களில் பலர் பரம்பரையாக நம்பிக்கையை முதலாகக் கொண்டு தொழில் செய்பவர்கள். அவர்களையும் நாம் குறை கூறிவிட முடியாது. தாம் விற்கும் பொருளை எவ்வாறு வைக்க வேண்டும் என்று விளங்கும் மொழியில் எடுத்துரைக்காமல், வழு நேர்ந்தபின் வர்த்தகரைச் சாடுவது நியாயமன்று.

‘வித்திகளின் எண்ணிக்கை’ என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் உள்ளது. நுணுக்குக்காட்டியில் வித்திகளை எண்ணினால் இறந்ததும் உயிருள்ளதும் ஒரே கணக்கில் வரும். ஊட்டப் பரப்பில் தூவி, முளைப்பவற்றை எண்ணினால்தான் உண்மை தெரியும். இந்தியாவில் பதிவு செய்யப்படும் டிரைக்கோடேர்மாத் தூளில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 20 இலட்சமும், பியூவேரியாத் தூளில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடியும் உயிருள்ள அலகுகள் இருக்க வேண்டும் என்ற நியமங்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஈரப்பதன் 8 சதவீதத்தை மீறலாகாது என்பதும் அங்கு நியமமாகும். ஆயினும் எந்த நியமமும் தொழிற்சாலை வாசலில் மட்டும் அளக்கப்பட்டால் போதாது. கடைத்தட்டில் எடுத்த மாதிரியும் அதே சோதனையில் தேற வேண்டும்.

செய்ய வேண்டியவை

இதற்குப் பெருஞ்செலவோ புதிய அமைச்சோ தேவையில்லை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்கனவே நடைமுறையில் உள்ளது. உயிருள்ள மருந்துகளை இரசாயனங்களோடு ஒரே தட்டில் வைத்துப் பார்க்காமல், அவற்றுக்கென ஒழுங்குவிதிகளை அதன் கீழ் வகுக்கலாம். தயாரித்த திகதி, காலாவதியாகும் திகதி, வைத்திருக்க வேண்டிய உச்ச வெப்பநிலை, காலாவதி நாளிலும் இருக்க வேண்டிய உயிருள்ள வித்திகளின் குறைந்தபட்ச அளவு ஆகியன தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக அச்சிடப்படல் வேண்டும். மருந்தைக் கலப்பவர் தமிழரோ முஸ்லிமோ ஆகும்போது, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட எச்சரிக்கை அவருக்கு எவ்விதத்திலும் உதவாது.

இரண்டாவதாக, சோதனை வசதி. முளைதிறன் சோதனைக்கு நுணுக்குக்காட்டி, ஊட்டப் பரப்பு, ஒரு நாள் பொறுமை ஆகியவை போதும். பயிற்றப்பட்ட ஓர் உதவியாளர் அதைச் செய்துவிடலாம். தலவாக்கலையில் தேயிலைக்கும் பேராதனையில் ஏனைய பயிர்களுக்கும் இச்சேவையைக் குறைந்த கட்டணத்தில் வழங்கினால், தோட்ட நிருவாகமும் விவசாயிகள் சங்கமும் கடைக்காரரும் தத்தம் இருப்பைச் சோதித்துக்கொள்ளலாம். சோதனை முடிவுகள் வெளியிடப்படும் என்ற அச்சமே பலரைச் சீர்ப்படுத்தும்.

மூன்றாவதாக, தூரத்தைக் குறைத்தல். வித்தியைச் சேமிப்பதற்கு மிகச் சிறந்த வழி, நெடுநாள் சேமிக்க வேண்டிய தேவையையே இல்லாமற் செய்வதாகும். அரிசியில் வளரும் பங்கசை மலையகத்திலேயே சிறு அலகுகளில் உற்பத்தி செய்து, அந்தந்தப் பருவத்துக்கு வேண்டிய அளவை மட்டும் சிறு பொதிகளாக வழங்கினால், ஒரு பொதி ஒரே நாளில் தீர்ந்துவிடும். அரைப்பொதியை மூலையில் வைக்கும் நிலை எழாது. தூய்மை பேணும் பயிற்சியும் மேற்பார்வையும் இதற்கு இன்றியமையாதவை. அவை இல்லாத அலகு, மருந்துக்குப் பதிலாக வேறு பூஞ்சணத்தை விற்கும். படித்துவிட்டு வேலை தேடிக் கொழும்புக்குச் செல்லும் தோட்டப்புற இளைஞர்களுக்கு இது ஒரு தொழிலாகவும் அமையலாம்.

நான்காவதாக, தோட்டக் களஞ்சியம். உரமூடைக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவே பங்கசு மருந்தை வைக்கும் வழக்கம் மாற வேண்டும். காற்றுப்புகாத கலன், அதனுள் ஈரமுறிஞ்சி, சுவரில் ஒரு வெப்பமானி, வாங்கிய நாளையும் திறந்த நாளையும் குறிக்கும் ஒரு பதிவேடு ஆகியவை அற்ப செலவில் கிடைப்பவை. மின்சாரத்தில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியை மட்டும் நம்பியிருப்பது மலையகத்தில் ஆபத்தானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மத்திய மலைநாட்டைத் தாக்கியபோது வீதிகள் துண்டிக்கப்பட்டன; மின்சாரம் தடைப்பட்டது. நன்கு உலர்த்தி அடைக்கப்பட்ட வித்தி அத்தகைய நாட்களைத் தாங்கும். ஈரம் ஏறிய வித்திக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை.

இவை அனைத்தும் செய்யப்பட்டாலும் பங்கசு மருந்து சர்வரோக நிவாரணியாகிவிடாது. கொப்புள நோய்க்கு எதிராக இன்னும் நீண்டகாலத்துக்கு வேறு மருந்துகள் தேவைப்படலாம். பங்கசு மெதுவாகவே கொல்லும். தெளித்த மறுநாளே பூச்சி விழுந்து கிடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு அது ஏமாற்றம் தரும். உயிரியல் மருந்தால் இரசாயனம் அனைத்தையும் ஒரே இரவில் மாற்றிவிடலாம் என்ற வாக்குறுதி, 2021 இன் வாக்குறுதியைப் போன்றே ஆபத்தானது. எங்கு பொருந்துமோ அங்கு, எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு பயன்படுத்துவதே அறிவுடைமை.

ஆனால் பயன்படுத்தும் அந்த அளவேனும் உயிருடன் விவசாயியின் கைக்கு வந்து சேர வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் அடியெடுத்து வைத்திருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், விவசாயத் திணைக்களத்துடன் இணைந்து, சந்தையிலுள்ள பங்கசு மருந்துகளின் மாதிரிகளைக் கடைகளிலிருந்தும் தோட்டக் களஞ்சியங்களிலிருந்தும் பெற்று, அவற்றில் உயிருடன் இருப்பது எவ்வளவு என்பதைச் சோதித்து, முடிவுகளை மும்மொழிகளிலும் பகிரங்கப்படுத்தல் வேண்டும். எதிர்வரும் பருவ மழைக்கு முன்னர் அந்த முதற் கணக்கெடுப்பு நடத்தப்படுமாயின், எந்தப் பொதியை நம்பி வாங்கலாம், அதை எங்கு வைக்கலாம் என்பதற்கு மலையகத் தொழிலாளியிடமும் கிழக்கின் விவசாயியிடமும் உறுதியான பதில் இருக்கும்.